நாற்பத்தொன்றாம் எண் டப்பா

“ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாத எவரிடமிருந்து வரும் மாதிரியும் சோதிக்கப்படக் கூடாது. தவறி வந்துவிட்டால் அன்றே அழித்து, அழித்த விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.” என் தங்கை மகள் நஸ்ரின் நடத்தும் ஆராய்ச்சியின் கையேட்டில் ஏழாம் பிரிவு, மூன்றாம் பத்தி இப்படிச் சொல்கிறது. தெளிவான விதி. முற்றுப்புள்ளிகூட இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே நான்காம் பத்தி: “ஐயம் எழுந்தால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதவும். குழு பதினைந்து வேலைநாட்களுக்குள் பதில் அளிக்கும்.” இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில்தான் நான் சென்னையில் மூன்று வாரம் தங்கியிருந்தேன்.

நான் பினாங்குக்காரன். உணவுக்கடைச் சுகாதார ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் வருவதைக் கடைக்காரர்கள் தெருமுனையிலேயே பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொள்வார்கள். ஆகவே என் காலத்தில் பினாங்கில் எல்லாக் கடைகளும், நான் பார்த்த வரையில், சுத்தமாக இருந்தன.

நஸ்ரின் குடல் கிருமிகளை ஆராயும் மருத்துவர். அடையாற்றில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவளுடைய ஆய்வகம். அவள் தேடிக்கொண்டிருந்தது டைஃபாய்டைச் சுமப்பவர்களை. டைஃபாய்டு வந்து குணமான சிலருடைய பித்தப்பையில் கிருமி வாடகை கொடுக்காமல் தங்கிவிடும். ஆளுக்குக் காய்ச்சல் இருக்காது, வயிற்று வலி இருக்காது, பல வருடம் நன்றாகவே நடமாடுவார். கழிவறைக்குப் போய்விட்டு ஒருநாள் அவசரத்தில் கை கழுவினால், அவர் பிசைந்த சாதத்திலும் துருவிய தேங்காயிலும் கிருமி ஏறிக்கொள்ளும். படுத்துக்கொள்வது சாப்பிட்டவர்.

மயிலாப்பூரில் ஒரே வட்டாரத்தில் சில குழந்தைகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். எல்லோரிடமும் அச்சு அசலாக ஒரே கிருமி. குடிநீரைச் சோதித்தாகிவிட்டது, அதில் குற்றமில்லை. மிச்சமிருந்தது கை. அந்த வட்டாரத்தில் பிறருக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, மல மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். டப்பாவின் மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும்.

“மாமா, என் ஆளுங்க நல்லவங்கதான். ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி செய்றாங்க. ஒரு தடவை வந்து ஒழுங்கு பண்ணிக் குடுங்க” என்றாள் நஸ்ரின். ஒழுங்குபண்ண ஆள் கூப்பிட்டால் நான் கடல் தாண்டி வருவேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

திருவல்லிக்கேணியில் அவள் வீடு. வந்து இறங்கிய மறுநாள் காலையே தெருமுனைத் தேநீர்க் கடையில் போய் நின்றேன். எந்த ஊரிலும் நான் முதலில் பார்ப்பது கடைக்காரருடைய நகத்தை. இவருடைய நகம் குட்டையாக இருந்தது. கிளாஸைக் கழுவிய தண்ணீரைப் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டேன். விடுமுறையில் வந்தவன் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது. எங்கள் ஊர் தே தாரேக்கை ஒரு கை உயரத்துக்கு இழுத்து ஆற்றுவார்கள், பாதி வேடிக்கை, பாதி தேநீர். இங்கே வேடிக்கை கிடையாது. தேநீர் முழுசாக இருந்தது.

பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: “டாக்டர் எண்ணெய் வேண்டாமென்றார், இனிப்பு வேண்டாமென்றார். நான் சொன்னேன், இனி உங்களிடம் வருவதும் வேண்டாம்.” மற்றவர் தலையாட்டி, சமோசாவைப் பாதியாக்கி அவருக்குக் கொடுத்தார்.

இந்த ஊரில் நான் எல்லோருக்கும் பாய். பினாங்கில் பதவி இருந்தவரை நான் ‘துவான்’, அதாவது ஐயா. பதவி போனதும் வெறும் மாமாக், தமிழ் முஸ்லிம்களை அங்கே அலட்சியமாகக் கூப்பிடும் பெயர். பாய் என்பது இரண்டுக்கும் நடுவில் வசதியாக இருந்தது.

ஆய்வகத்தில் என் வேலை இரண்டாம் நாளே தொடங்கியது. வீடு வீடாகப் போய் டப்பா சேகரிக்கிறவள் தேவி. நாற்பது வயதிருக்கும், பட்டினப்பாக்கத்துக்காரி, மயிலாப்பூரில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது. டப்பாவை வாங்கியதும் திறந்து பார்த்து “இது பத்தாது” என்று வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. இரண்டு பேர் அவமானப்பட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஆய்வகத்தில் டப்பாவைப் பிரித்துச் சோதிக்கிற பிரபு இன்னும் ஒருபடி மேல். மாதிரியைக் கண்ணால் பார்த்தே, இதில் ஒன்றும் முளைக்காது என்று தீர்ப்பு எழுதி ஒதுக்கிவிடுவான்.

இருவருக்கும் எழுத்தில் உத்தரவு கொடுத்தேன். ஒன்று, சேகரிப்பவர் டப்பாவைத் திறக்கக் கூடாது. தாளில் சுற்றித் தந்தால் சுற்றியபடியே குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு, டப்பாவில் வந்ததைச் சோதிப்பதுதான் ஆய்வகத்தின் வேலை, பார்த்துத் தீர்ப்புச் சொல்வதல்ல. என்ன வந்தாலும் தோற்றத்தை அப்படியே பதிவேட்டில் எழுதிவிட்டுச் சோதனைக்கு வைக்க வேண்டும்.

பிரபு அதை இரண்டு தடவை படித்தான். “என்ன வந்தாலுமா சார்?” என்றான். என்ன வந்தாலும் என்றேன். அந்தக் கேள்வியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

படிவங்கள் வேறு வழியில் வந்தன. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் எண். பெயரும் கையெழுத்தும் உள்ள படிவம் ஒட்டிய உறையில் வரும், வெள்ளிக்கிழமைதான் திறப்பார்கள். யாருடைய மாதிரி என்பது பிரபுவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. நான் செய்ததல்ல.

செவ்வாய்க்கிழமை தேவியோடு சுற்றினேன். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பாதித் தெருக்களைத் தகரத்தால் மறைத்துவைத்திருந்தார்கள். நேற்றிருந்த வழி இன்றில்லை. தேவி பேருந்தில் இலவசமாக ஏறிக்கொண்டாள், நான் சீட்டு வாங்கக் கூட்டத்தில் நீந்திப் போய்த் திரும்புவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. திரும்பும்போது ஷேர் ஆட்டோ. தேவியின் மடியிலிருந்த குளிர்ப்பெட்டியைப் பார்த்து எதிரே இருந்தவர், “இன்னாம்மா மீனு?” என்று கேட்டார்.

“வெலைக்கி இல்ல நைனா” என்றாள் தேவி.

“காட்டேன், பாத்துக்கறேன்.”

“பாத்தா இன்னிக்கு நீ சோறு துன்ன மாட்டே.”

அந்தப் பெட்டியில்தான் நாற்பத்தொன்றாம் எண் டப்பா இருந்தது. (எண்ணை மாற்றியிருக்கிறேன். கோமளா என்று கீழே வருவதும் அந்தப் பெண்மணியின் பெயரல்ல, அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. இதை எழுதவும் அவர்தான் சம்மதம் தந்தார்.) அந்த வீட்டு வாசலில் நான் நிற்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டி, உறையோடு கொடுத்தார்கள் என்றும், கனமாக இருந்தது என்றும் தேவி பிறகு சொன்னாள். என் உத்தரவுப்படி அவள் பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உறைகளைத் திறந்தோம். நாற்பத்தொன்றில் கையெழுத்து இல்லை. கையெழுத்திட வேண்டிய இடத்தில் அழகான எழுத்தில் இப்படி இருந்தது: “எனக்கு இதில் விருப்பமில்லை. டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதால் கொஞ்சம் சுண்டல் வைத்திருக்கிறேன். நவராத்திரி.”

பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னாள் நஸ்ரின். பிரபு எழுதியிருந்தான்: எண் 41. நிறம் வெளிர் மஞ்சள். தன்மை: முழுக் கொண்டைக்கடலை, பதினொன்று. தேங்காய்த் துருவல், கடுகு, கறிவேப்பிலை காணப்படுகின்றன. சோதனைக்கு வைக்கப்பட்டது.

நஸ்ரின் நாற்காலியிலேயே சரிந்து சிரித்தாள். பிரபு சிரிக்கவில்லை. “என்ன வந்தாலும்னு சார் எழுதிக் குடுத்திருக்கார்” என்று என் உத்தரவை எடுத்துக் காட்டினான். தேவியைக் கேட்டேன். “தொறக்கக் கூடாதுன்னு நீதான சார் சொன்னே? இப்ப என்னிய இன்னாத்துக்குக் கேக்குற?” இருவரும் என் சொல்லைத் துல்லியமாகக் கடைப்பிடித்திருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் எனக்குக் கீழே அப்படி யாரும் வேலை பார்த்ததில்லை.

யாருடைய பாத்திரம் வந்தாலும் காலியாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடிச் சர்க்கரையாவது போட்டுத் தருவோம். டப்பாவைத் திருப்பிக் கேட்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டில் வகுத்தவர்கள் இதை எப்படி மறந்தார்கள் என்று தெரியவில்லை. மறுத்தவர்களும் எதையாவது வைத்துத் தருவார்கள் என்று கையேட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

ஏழாம் பிரிவு, மூன்றாம் பத்தியை நானே உரக்கப் படித்தேன். அழிக்கச் சொல்லி நஸ்ரின் பிரபுவை அனுப்பினாள். போனவன் கையில் ஒரு தட்டோடு திரும்பி வந்தான். கிருமி வளர்க்கிற அந்தத் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், கறுப்பாக, மேலே உலோகப் பளபளப்போடு.

“டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்க” என்றான். அவனும் நஸ்ரினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. டைஃபாய்டுக் கிருமி வளர்ந்தால் தட்டில் இப்படித்தான் தெரியும். உணவில் அது பிடிபடுவது அரிது என்று எனக்கே தெரியும். துருவிய தேங்காயில் பிடிபடலாம் என்பதும் தெரியும்.

அடுத்த சோதனையை நஸ்ரின் நிறுத்திவிட்டாள். குழு சொல்லும்வரை அழிக்கவும் வேண்டாமென்று தட்டை உறைபோட்டு, கையெழுத்திட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். “இதுக்கு மேல ஒரு சோதனை செஞ்சாலும் திருட்டுதான். அவங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க” என்றாள். தவிர, கறுப்புப் புள்ளி இன்னும் டைஃபாய்டு ஆகிவிடவில்லை. தேங்காயைத் துருவியது வேறு யாராகவும் இருக்கலாம். கோமளாவின் மாதிரி வந்தால்தான் நிச்சயமாகும். கேட்கலாமென்றால் ஐந்தாம் பிரிவு குறுக்கே நின்றது: மறுத்தவரை ஆராய்ச்சிக்காக மறுபடி அணுகி வற்புறுத்தக் கூடாது.

கோமளா யார் என்று தேவிதான் சொன்னாள். அறுபது வயது, தனி ஆள். மூன்று வீடுகளுக்குச் சமைக்கிறார். லஸ் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற குழந்தைகள் காப்பகத்துக்கு மதியச் சாப்பாடும் அவர்தான். காய்ச்சலில் விழுந்த குழந்தைகளில் இரண்டு பேர் அந்தக் காப்பகத்துக்குப் போகிறவர்கள். பூஜை விடுமுறைக்காக மூடியிருந்த காப்பகம் விஜயதசமிக்கு அடுத்த திங்கட்கிழமை திறக்கும். குழு பதில் தரப் பதினைந்து வேலைநாள். அவர் கையில் கிருமி இருந்தால், இடையில் எத்தனை மதியச் சாப்பாடு என்று நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னொரு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். பெயர் வெளியே வந்தால் அவருக்கு ஒரு வீடும் மிஞ்சாது.

திங்கட்கிழமை நஸ்ரின் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். நான் வரைந்து கொடுத்தேன். தட்டை என்ன செய்வது, அவரை மறுபடி அணுகலாமா என்று இரண்டு கேள்வி, ஒரு பக்கம், இணைப்பு மூன்று. ‘அவசரம்’ என்று மேலே சிவப்பில் எழுத வேண்டுமா என்று கேட்டாள். சிவப்பில் எழுதிய கடிதங்கள் தனியாக ஓர் அடுக்கில் போகும், அந்த அடுக்கை யாரும் தொடமாட்டார்கள் என்று அனுபவத்தில் சொன்னேன். சாதாரண நீலத்திலேயே போயிற்று.

பிறகு காத்திருந்தோம். காத்திருக்கிறவன் ஊர் சுற்றலாம். ஒருநாள் தியாகராய நகர் போனேன். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. நான் நடக்கவில்லை, கூட்டம் என்னை ஒரு முனையில் வாங்கி மறுமுனையில் ஒப்படைத்தது. வெட்டி வைத்த மாங்காயில் மிளகாய்த்தூள் தூவி விற்ற பெண்ணின் நகத்தைப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது, இரண்டு துண்டு வாங்கினேன். இன்னொரு நாள் குளிர்ப்பெட்டி மூடியின் ரப்பர் பட்டையை மாற்ற ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் வியாபாரமா பாய் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பயணத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது.

மயிலாப்பூரில் ஒரு சிற்றுண்டிக் கடையில் ரவா தோசையும் டபரா காப்பியும் சாப்பிட்டது பற்றித் தனியாக எழுதலாம். அந்தத் தோசை ஓரத்தில் ஜரிகை போல மொறுமொறுப்பாக இருந்தது. பினாங்கில் எங்கள் தோசைக்குப் பெயர் மட்டும்தான் தோசை. சட்னியை மட்டும் ஒதுக்கி வைத்தேன். தேங்காய்.

விதியை மீறாமல் என்ன செய்யலாம் என்று கையேட்டை ஒருநாள் முழுக்கப் படித்தேன். முடிவைச் சொல்லக் கூடாது. மறுபடி மாதிரி கேட்கக் கூடாது. அன்று சாப்பிடும்போது நஸ்ரினிடம் கேட்டேன்.

“அந்தம்மா சுண்டல் குடுத்தாங்க இல்ல. நன்றி சொல்லக் கூடாதுன்னு எந்தப் பத்தியில இருக்கு?”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கையேட்டை எடுத்துவந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு மூடினாள். “இல்ல மாமா” என்றாள்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் போனேன். பினாங்கிலிருந்து தங்கைக்குக் கொண்டுவந்த, சர்க்கரையில் பதப்படுத்திய ஜாதிக்காய்த் துண்டுகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த ஆட்டோவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், பின்னால் வருவது எதுவும் தெரியாது. முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. ஒரு துண்டின் மேல் சக்கரம் ஏறி வண்டி வழுக்கிக்கொண்டுபோய் மெட்ரோ தகரத்தில் முட்டி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, டப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. “கண்ணு பட்டது இதோட போச்சு பாய்” என்றார் ஓட்டுநர், பூசணிக்காய் தன் வேலையைச் செய்துவிட்ட திருப்தியோடு. மிச்சத் தூரம் நடந்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது.

முதல் மாடி. கீழே அவருடைய பழைய ஸ்கூட்டர். கதவைத் திறந்தவர் இடுப்பில் நான்கு சாவிக்கொத்து செருகியிருந்தார், அவர் சமைக்கிற மூன்று வீடுகளுக்கும் காப்பகத்துக்கும் உரியவை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன், டாக்டருடைய மாமா, சுண்டலுக்கு நன்றி சொல்ல வந்தேன் என்றேன்.

“ரெண்டு வாய் சுண்டலுக்கு மழைல வந்தேளா? உள்ள வாங்கோ. சாப்ட்டேளா அதை?”

“இல்ல. ஆய்வகத்துக்குள்ள வந்தத யாரும் சாப்பிடக் கூடாதுன்னு விதி.”

“அதுவும் சரிதான்.” ஒரு துண்டைக் கொடுத்துத் தலையைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். “மூடிலயே கரண்டி வச்சிருந்துதா, சுண்டலுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். எதுக்கு அந்தக் கரண்டின்னு அப்புறம்தான் தாளைப் படிச்சேன். சிவ சிவா.”

ஜாதிக்காயைக் கொடுத்தேன். பின்னர் எங்கள் ஊர்க் கதை ஒன்று சொன்னேன். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சாதம் விற்ற ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நல்ல கை. அவர் கடையில் சாப்பிட்ட பலருக்குக் காய்ச்சல். சோதித்ததில் அவருக்கே தெரியாமல் பல வருடமாக டைஃபாய்டைச் சுமந்துகொண்டிருந்தார். நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டார், கிருமி போய்விட்டது. ஆனால் முதல் நாளே நான் விதிப்படி அவர் கடையில், பெயரோடு, நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். உடம்பை மாத்திரை சரிசெய்தது. நோட்டீஸை அந்தத் தெரு மறக்கவில்லை. அவர் ஊரையே மாற்றிக்கொண்டார். அந்த நோட்டீஸில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. என் வேலைக்காலத்தில் நான் திரும்பிப் பார்க்க விரும்பாத ஒரே காகிதம் அதுதான்.

கோமளா அடுப்பைச் சிறிதாக்கினார்.

“இதை எங்கிட்ட ஏன் சொல்றேள்?”

“உங்ககிட்ட சொல்லக் கூடாதது ஒண்ணு இருக்கு. அதனால சொல்லக் கூடியதச் சொன்னேன்.”

வெளியே மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் திருகினார்.

“பதினேழு வயசுல எனக்கு வந்தது” என்றார். “முடியெல்லாம் கொட்டிப் போச்சு. பொழைச்சதே பெரிசுன்னா. அப்பறம் நாப்பது வருஷமா ஊராத்துல சமைச்சுண்டிருக்கேன், ஒரு தலைவலி கெடையாது.” நிறுத்தினார். “ஜுரத்துல கெடந்துதே, அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணு. எங்கிட்டதான் சாப்பிடும். தயிர் சாதத்தை நான் பிசைஞ்சு உருட்டி வச்சாத்தான் வாயைத் தொறக்கும்.”

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு விதியில்லை.

“பேர் வருமா?”

“வராது. நம்பர் மட்டும்தான். பேர் ஆய்வகத்த விட்டு வெளிய போகாது.”

“என்ன நம்பர்?”

“நாப்பத்தொண்ணு.”

“என் வயசை விடக் கம்மிதான். பரவால்ல.” எழுந்துகொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, “டப்பாவை அப்பறம் குடுத்தனுப்பறேன்” என்றார்.

திருவல்லிக்கேணிக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். டப்பா காலியாக வராது. அது மட்டும் நிச்சயம்.

சனி, ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தொலைபேசியை மேசைமேல் எப்போதும் கவிழ்த்துப் போடுகிற நஸ்ரின், இப்போது நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காப்பகம் திறந்தது. தேவி காலையிலேயே அந்தச் சந்துப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மாமி வர்ல சார். தோள்பட்டை புடிச்சிக்கினு கீதாம், ரெண்டு மாசத்துக்குக் கையத் தூக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். வேற ஆளு சமைக்குது. அந்த மூணு வூட்டுக்கும் அதே கதைதான்.” கொஞ்சம் யோசித்தாள். “நேத்திக்கி ஸ்கூட்டர சென்டர் ஸ்டாண்டுல ஒரே கையால தூக்கிப் போட்டத நான் பாத்தேன். தோள் இன்னா வேகத்துல புடிச்சிக்குது பாரு.”

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு தேவி இரண்டு பைகளோடு மாடியேறி வந்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மூச்சு வாங்கிக்கொண்டே, கோமளாவின் குரலிலேயே சொன்னாள்: “மஞ்சப் பை மலேசியாக்காரருக்கு, நீலப் பை டாக்டருக்கு. மாத்திக் கீத்திக் குடுத்துடாதே, புண்ணியமாப் போகும்.”

மஞ்சள் பையில் என் எவர்சில்வர் டப்பா. உள்ளே மிளகு அப்பளம், தாளில் சுற்றி, அடுக்கு குலையாமல். கடையில் வாங்கியது என்று ஒரு சீட்டும் இருந்தது. கையால் செய்தால் நான் தொடமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீலப் பையில் புது பிளாஸ்டிக் டப்பா. தேவியிடம் அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். கூடவே படிவம். கையெழுத்து, தேதி, எடுத்த நேரம் காலை ஐந்தே முக்கால், முன்பு வந்த காய்ச்சலின் விவரம், ஆண்டு, அன்றைக்கு மருந்து கொடுத்தவர் காலமாகிவிட்டார் என்ற குறிப்பு வரை. ஒரு கட்டமும் காலியில்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி நிரப்பிய படிவத்தை நான் பார்த்ததில்லை.

டப்பாவைப் பிரித்த பிரபு, தோற்றத்தை எழுதும் இடத்தில் ‘முறையானது’ என்று மட்டும் எழுதினான்.

அந்த மாதிரியில் கிருமி இருந்தது. குழந்தைகளிடம் கண்ட அதே கிருமி. நஸ்ரின் நேரில் போய்ச் சொன்னாள். கோமளா முதலில் கேட்டது அந்த ரெட்டைப் பின்னல் பெண் இப்போது எப்படியிருக்கிறாள் என்றுதானாம். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றதும் மாத்திரைப் பட்டியலை வாங்கிப் படித்து, இரண்டு மாத்திரைக்கு நடுவில் காப்பி குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஸ்கேனில் பித்தப்பையில் கல் இல்லை, மாத்திரையே போதும் என்று வந்துவிட்டது.

குழுவிடமிருந்து பதில் வரவில்லை. நான் கிளம்பும் நாளில் பதினைந்து வேலைநாளில் பாதி கழிந்திருந்தது. கடைசியாகத் தெருமுனைக் கடையில் ஒரு தேநீர் குடித்தேன். டாக்டரே வேண்டாமென்ற அந்தப் பெரியவர் தனியாக உட்கார்ந்து முழுச் சமோசாவையும் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளி எங்கே என்று கேட்டேன். டாக்டரிடம் போயிருக்கிறார் என்றார், துரோகத்தைச் சொல்வது போல.

ஊர் திரும்பியபின் நஸ்ரினிடமிருந்து செய்திகள் வந்துகொண்டிருந்தன. நான்கு வாரம் மாத்திரை முடிந்தது. பிறகு மாதத்துக்கு ஒரு சோதனை, மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். முதலாவது சுத்தம். இரண்டாவது சுத்தம். இரண்டாவதற்குப் பிறகு, தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை, ரெண்டு மாசம் மூணாகிவிட்டது என்று கோமளா எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருப்பதாக தேவி தகவல் அனுப்பினாள். ஒரு வீட்டுக்காரர்கள் அவருக்குத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலை வெறுமனே திருப்ப முடியாதே என்று அவர் கவலைப்படுகிறாராம். மூன்றாவது சோதனையும் சுத்தமாக வந்த வாரம் தோள் குணமாகிவிட்டது.

வேறு குழந்தை எதுவும் அந்த வட்டாரத்தில் காய்ச்சலில் விழவில்லை. கையேட்டில் ஏழாம் பிரிவுக்கு நஸ்ரின் ஒரு புது வரி சேர்த்திருக்கிறாள்: மறுப்பவரிடம் டப்பாவைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. அந்த வரி இல்லாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றியதை அவளிடம் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரி சொல்லக் கூடிய வாக்கியமல்ல அது.

குழுவின் கடிதத்தின் நகலையும் அனுப்பியிருந்தாள். நீலத்தில் எழுதியதும் எங்கோ ஓர் அடுக்கில் இருந்திருக்கிறது. முதல் கேள்விக்கு: மேற்படி மாதிரி சோதிக்கப்பட்டிருக்கக் கூடாது, தட்டை அழிக்கவும். இரண்டாவதற்கு: சூழ்நிலையைக் கருதி, நாற்பத்தொன்றாம் எண்ணுக்குரியவரை உரிய மரியாதையுடன் மேலும் ஒருமுறை அணுகலாம். நஸ்ரின் அந்த உறையைக் கிழித்தபோது பகல் பன்னிரண்டரை மணி. லஸ் பக்கத்துச் சந்தில் கோமளா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். தேதி மார்ச் நான்கு.